கரண்டி போட்ட தையல்

டயர்க்கடையின் தூக்கியில் கார் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றபோது, சுவரோரப் பலகையில் சாய்ந்திருந்த தையற்காரர் கண் திறந்தார். மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்து குருதியைக் கழுவிக்கொண்டு திரும்பும் நாட்களில் அவருக்குத் தலை நிமிர்த்த வலு இராது. சாய்ந்த தலை சாய்ந்தபடியே இருக்க, காரின் அடிவயிறு முழுவதும் அவர் கண்ணெதிரே விரிந்து கிடந்தது. நெடுநேரம் அதையே நோக்கியிருந்துவிட்டு, அருகில் நின்றவளைக் கேட்டார்.

"ஏம்மா அண்ணி, அடியில அது யாரு தைச்சது?"

"தையல் இல்லைங்க ஐயா, வெல்டு. போன வெள்ளிக்கிழமை கல்லுல ஏறுச்சே, அதுல ஆயில் சம்ப் விரிசல் விட்டுடுச்சு. எங்க கொழுந்தன் சல்லடைதான் பத்தவச்சுக் குடுத்தான்."

"கையாலயா?"

"பின்ன, காலாலயா?"

தையற்காரர் சிரிப்பதற்கு உதட்டை அசைத்தார். ஆனால் கண் அங்கேயே இருந்தது. "நாப்பது வருஷம் தைச்சிருக்கேன். மனுஷன் கை போட்ட தையல்ல ஒண்ணு கொஞ்சம் நீளும், ஒண்ணு கொஞ்சம் குறுகும். ஆரம்பிக்கிறப்போ தயங்கும், முடிக்கிறப்போ அவசரப்படும். இது அப்படி இல்லையே. எல்லாப் பல்லும் ஒரே அளவு. ஒரே அச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சம்ப் எனும் எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டில், ஒரு சாண் நீளத்துக்கு, மீன் செதில் அடுக்கியதுபோல் வரிவரியாக ஓடிய பற்றவைப்பு அது. ஞாயிறு மாலை பட்டறைக்கு வண்டியை எடுக்கப் போனபோது குனிந்து அதைக் கண்டு நெஞ்சு குளிர்ந்தவள் அவள். இன்று அதே வரிகளைக் கண்டதும் அக்குளிர்ச்சி எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

அவளுக்கு அண்ணி என்ற பெயர் கணவனின் தம்பி வாயிலிருந்து வந்தது. தெருவும் பெட்ரோல் நிலையமும் மருத்துவமனை வாயிற்காவலரும் கேட்டுப் பழகி, அவளைவிட மூத்தவர்களும் அப்படியே அழைக்கலாயினர். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, சிறுநீரகம் கைவிட்ட நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மலையைக் கடந்து அப்பாலுள்ள மருத்துவமனையில் சேர்ப்பதும், மாலையில் திரும்பக் கொணர்வதும் அவள் தொழில். அந்த நால்வரையும் மலைக்கு அப்பால் கொண்டுசெல்ல வேறு வண்டி இல்லை. ஒருமுறை தவறினால் தையற்காரரின் கால்கள் வீங்கும். இருமுறை தவறினால் மூச்சு முட்டும்.

பேச்சைக் காதில் வாங்கிய டயர்க்கடைக்காரர் பஞ்சரான சக்கரத்தை உருட்டி வைத்துவிட்டு, திருகாணிகள் சிதறாமல் வைக்கும் காந்தத் தட்டிலிருந்து ஒரு சிறு காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"சம்ப் அலுமினியம். காந்தம் இதுல உக்காராது, பாருங்க." தொட்டியின் மேல் வைத்தார். காந்தம் வழுக்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது. பிறகு அதைச் செதில் வரிசையின் மேல் வைத்தார். காந்தம் அங்கே, அரைமனதாக ஒருபக்கம் சாய்ந்து, தொற்றிக்கொண்டு நின்றது.



"அலுமினிய வெல்டுல காந்தம் எதுக்கு ஒட்டணும்?" என்றாள் அண்ணி.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. பஞ்சர் ஒட்டுறது என் பொழப்பு." அவர் காந்தத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "இரும்புத்தூள் கலந்த பசை ஒண்ணு விக்கிறான். எபாக்சி. ரெண்டு டியூப், கலந்து பூசுறது. அதுல காந்தம் இப்படித்தான் லேசா ஒட்டும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அண்ணியின் பார்வை தொட்டியை விட்டு நகர்ந்தது. அன்று கல்லில் மோதியபோது பழுதுபட்டவை இரண்டு. ஒன்று எண்ணெய்த் தொட்டி. மற்றொன்று, முன்சக்கரத்தை ஏந்தும் கையைக் குறுக்குச் சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் இரும்புக் காது. தொட்டி ஒழுகினால் வண்டி வழியில் நிற்கும், அவ்வளவே. காது விட்டுப்போனாலோ சக்கரம் உள்ளே மடங்கும். அது எந்த வளைவில் மடங்கும் என்பதையும், அவ்வளைவின் கீழே எத்தனை ஆழம் என்பதையும் அவள் வாரத்துக்கு ஆறுமுறை கண்ணால் அளந்துகொண்டிருப்பவள். காதின் மேல் கறுப்புப் பூச்சு தடிப்பாக ஏறி, உள்ளிருப்பதை மறைத்திருந்தது.

"அதுலயும் காந்தத்தை வச்சுப் பாருங்களேன்."

"அது முழுக்க இரும்புங்க. எங்க வச்சாலும் ஒட்டும். உள்ள இருக்கிறது வெல்டா பசையான்னு காந்தத்துக்குத் தெரியாது."

திரும்பும் வழியெல்லாம் அவள் வண்டியை நடைவேகத்தில் ஓட்டினாள். பின்னிருக்கையில் மற்ற மூன்று நோயாளிகளும் துயின்றனர். முன்னிருக்கையில் தையற்காரர் கண் மூடியிருந்தார். ஆயினும் பள்ளத்தில் சக்கரம் இறங்கிய ஒவ்வொரு முறையும் அவர் விரல்கள் கதவின் பிடியை இறுகப் பற்றியதை அவள் கண்டாள். அன்று புதன். அடுத்த பயணம் வெள்ளி காலை ஆறு மணி.

*

அண்ணியின் வீட்டில் பசை என்ற சொல்லுக்கு ஐந்தாண்டுகளாக இடமில்லை.

அதற்கு முன் இந்தக் காரை ஓட்டியவன் அவள் கணவன். ரேடியேட்டரின் மேல்தொட்டியில் கீறல் கண்டபோது, அப்பொழுதுதான் பட்டறை தொடங்கியிருந்த தம்பி, அழுக்கைத் துடைக்கவும் பொறுமையின்றி, இரு குழாய்ப் பசையைக் குழைத்து அப்பி அனுப்பினான். மலையேற்றத்தின் பாதியில் வண்டி கொதித்தது. முகப்பைத் தூக்கிக் குனிந்தவனின் வலக்கை மீது ஒட்டுப் பெயர்ந்து வெந்நீர் பீறிட்டது. புண் ஆறியது. விரல்கள் மட்டும் முழுதாய் மடங்க மறந்துவிட்டன. ஸ்டீயரிங் அண்ணியின் கைக்கு வந்தது அப்படித்தான். 'சூட்டோட நானே மூடியைத் திறந்துட்டேன்' என்று கணவன் ஊருக்குச் சொன்னான். வீட்டுக்குள் எல்லோருக்கும் உண்மை தெரியும், எவரும் சொன்னதில்லை. அதன்பின் அவ்வீட்டில் கடித உறையைக்கூட ஊசி குத்தித்தான் மூடினார்கள்.

ஆகவேதான் போன சனிக்கிழமை வண்டியை ஒப்படைத்தபோது அவள் தெளிவாகச் சொன்னாள்: "தம்பி, ரெண்டையும் பத்தவச்சுடு. வேற எந்த சோலியும் வேண்டாம்." அவனும் தலையசைத்தான்.

இப்பொழுது அந்தத் தலையசைப்பை அவள் திரும்பத் திரும்ப நெஞ்சில் ஓட்டிப் பார்த்தாள். சற்று விரைவாக அசைத்தானோ. சனி பிற்பகல் பட்டறைப் பக்கம் போனபோது கதவை ஒருக்களித்து நின்று, "வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது, போங்க அண்ணி" என்று திருப்பி அனுப்பினான். ஆனால் கதவிடுக்கில் வெளிச்சம் வெட்டியதாக நினைவில்லை. சடசடப்பும் இல்லை. எரிந்த இரும்பின் வாடைக்குப் பதிலாக வேறொரு கார நெடி மூக்கில் ஏறியது. அன்று அதைப் பெயின்ட் என்று எண்ணினாள். ஐயம் நெருஞ்சி முள் போன்றது. மிதித்த இடம் ஒன்றாயிருக்க, நடக்கும் அடிதோறும் குத்தும்.

இரவு உணவுக்குச் சல்லடை வந்தான். பொறி பட்டுப் பட்டு அவன் சட்டைகளெல்லாம் கண் கண்ணாய்த் துளைத்திருந்தமையால் வந்த பெயர் அது. அவற்றுக்கு ஒட்டுத் துணி வைத்து ஓய்ந்துபோனவர் தையற்காரர். மாமியார் தட்டுகளை அடுக்கியவாறே ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய புலம்பலைத் தொடர்ந்தாள்.

"ஆறு தேக்கரண்டி இருந்துச்சு. அஞ்சுதான் இருக்கு. இந்த வீட்டுல கரண்டிக்கும் கால் முளைச்சிடுச்சு."

"சல்லடை பையில போட்டிருப்பான்மா," என்றான் கணவன். "ஓட்டை வழியா விழுந்திருக்கும்."

வேறு நாளாயின் சல்லடை இதற்கு இரண்டு மடங்கு பதில் கொடுத்திருப்பான். அன்று தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நான் எதுக்குக் கரண்டியை எடுக்கப்போறேன்" என்றான். யாரும் கேளாத கேள்விக்கு வந்த விடையாக அது அண்ணியின் காதில் விழுந்தது. அவன் கையைப் பார்த்தாள். வலக்கைக் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், எத்தனை சோப்புக்கும் போகாத சாம்பல் நிறக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில பட்டறையில இருப்பீங்களா?"

அவன் கை நின்றது. "என்னண்ணி, திடீர்னு 'நீங்க'ங்கிறீங்க?"

"சும்மாதான்."

கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, மடங்காத விரல்களுக்கு இடையே குவளையை அணைத்துப் பிடித்து, நீர் குடித்தான்.

*

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் காரைப் பட்டறையில், ஆள் இறங்கி வண்டியின் அடியைப் பார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தினாள். கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. எதிர்க்கடையில் தேநீருக்கு நிற்கும் சல்லடையின் முதுகு தெரிந்தது.

அவள் உள்ளே நுழைந்து தேடலானாள். தன் வீட்டு மனிதனின் இடத்தைத் திருடியைப்போல் துழாவுவது நாணத்தைத் தந்தது. ஆயினும் கை நிற்கவில்லை. மேசையின் கீழ் அறையில் வெல்டிங் ராடுகள், உடைந்த கண்ணாடி முகமூடி, கம்பித் தூரிகைகள். மேல் தட்டில் அரங்கள் செருகிய தகரக் குவளை. அரங்களுக்கு நடுவே, வெட்கப்பட்டு ஒளிந்ததுபோல், குப்புறச் செருகிய ஒரு தேக்கரண்டி. அதன் முனையில் சாம்பல் நிறப் பசை கல்லாய் உறைந்திருந்தது.

பள்ளத்தில் இறங்கினாள். கரண்டியின் முனையைத் தொட்டியின் மேலிருந்த முதல் செதிலில் பொருத்தினாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. இரண்டாவதிலும் பொருந்தியது. ஏழாவதுக்கு மேல் அவள் பொருத்திப் பார்க்கவில்லை.

"அம்மா கேட்டது அந்தக் கரண்டிதான்," என்றது மேலிருந்து வந்த குரல். சல்லடை இரண்டு தேநீர்க் குவளைகளோடு பள்ளத்தின் விளிம்பில் நின்றான். அவள் வண்டியைக் கண்டதும் அவளுக்கும் ஒன்று வாங்கியிருக்கிறான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"எதை? கரண்டியையா, பசையையா?"

அவன் குவளைகளைக் கீழே வைத்தான்.

"வெல்டுதான் வேணும்னு சொன்னேன். தலையை ஆட்டினீங்க."

"ஆட்டினேன்."

"பசையைப் பூசினீங்க."

"பூசினேன். இப்ப கேட்டாலும் அதைத்தான் பூசுவேன்." குரல் தாழ்ந்திருந்தாலும் தளரவில்லை. "அது வார்ப்பு அலுமினியம் அண்ணி. பதினஞ்சு வருஷமா எண்ணெய் குடிச்சது. நெருப்புக் காட்டினா உள்ள இருக்கிற எண்ணெய் கொதிச்சு வெளிய வரும், வெல்டு பூராவும் ஊசி ஊசியா ஓட்டை விழும். ஆறுறப்போ ஓரத்துல புதுசா ஒரு விரிசல் விடும். அதுக்கு வேற மெஷின் வேணும், வேற வாயு வேணும், என்கிட்ட இல்லை. பசைன்னா நிக்கும். மூணு தடவை கழுவினேன். அரம் போட்டுச் சொரசொரப்பாக்கினேன். விரிசல் மேல ஓடாம ரெண்டு முனையிலயும் துளை போட்டு நிறுத்தினேன். வலை வச்சுப் பூசி ஒரு நாள் காய விட்டேன். நீங்களே சொல்லுங்க, திங்கள், புதன்னு ரெண்டு தடவை மலை ஏறி இறங்கியாச்சு. ஒரு சொட்டு ஒழுகுச்சா?"

ஒழுகவில்லை. அதை அவளும் அறிவாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"யார்கிட்ட? 'ப'ன்னு வாயைத் திறந்தாலே உங்க கண்ணு அண்ணன் கைக்குப் போகுது. அஞ்சு வருஷமா பாக்கிறேன்." அவன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க குனிஞ்சு பாப்பீங்கன்னு தெரியும். வரிவரியா தெரிஞ்சா நிம்மதியா தூங்குவீங்கன்னு நினைச்சேன். பசை முழுசா இறுகறதுக்குள்ள உக்காந்து, ஒவ்வொரு வரியா அழுத்தினேன். ரெண்டு மணி நேரம்."

"தூங்கினேன்," என்றாள் அண்ணி. "மூணு ராத்திரி."

அவன் ஒரு தேநீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"காது?"

"அது வெல்டு. சத்தியமா வெல்டு."

"சம்பும் வெல்டுன்னுதான் சொன்னீங்க."

பட்டறைக்கு வெளியே ஏதோ வண்டி கடந்து போயிற்று. ஒரு பொய்யைக் கையில் பிடித்தபின், அதே வாயிலிருந்து வரும் மெய்யை எதைக் கொண்டு அளப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. அவன் முகம் மெய் சொல்பவனின் முகமாகவே இருந்தது. சனிக்கிழமை கதவிடுக்கிலும் இதே முகந்தான் இருந்தது.

"பூச்சைச் சுரண்டுங்க. நான் பாக்கணும்."

"அண்ணி, அது நல்லா இருக்கு. இப்பப் போய்ச் சுரண்டினா..."

"சுரண்டினா?"

அவன் தயங்கினான். அத்தயக்கம் ஒரு நொடிதான். ஆனால் அந்நொடிக்குள் ஒரு கார் முழுதாக மலைச்சரிவில் உருண்டதை அவள் கண்டாள். முன்னிருக்கையில் கதவைப் பற்றிய முதிய விரல்களைக் கண்டாள்.

"துரு ஏறும்," என்றான்.

"ஏறட்டும். சுரண்டலைன்னா நாளைக்கு வண்டி போகாது. நாலு வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொல்லிட்டு வர்றேன். ஏன் போகலைன்னும் சேத்துச் சொல்றேன்."

அவன் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினான். விளக்கைத் தொங்கவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தான். கறுப்புப் பூச்சு பொடிப்பொடியாய் உதிர்ந்து அவன் தலைமயிரில் படிந்தது. அவள் அவன் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை எங்கே விரைகிறது, எங்கே மெதுவாகிறது, எதைத் தவிர்க்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

பூச்சின் கீழிருந்து பற்றவைப்பு வெளிவந்தது. அழகற்ற வேலை அது. ஒரு வரி பருத்து மறுவரி மெலிந்து, தொடக்கத்தில் ஒரு கொப்புளமும் முடிவில் ஒரு குழியுமாக, அவசரக்காரனின் கையெழுத்துப்போல் இருந்தது. தையற்காரர் சொன்ன நீளலும் குறுகலும் அதில் அப்படியே இருந்தன. அவள் விரலால் தடவினாள். இரும்போடு இரும்பாய்க் கலந்திருந்தது.



"சரி தம்பி," என்றாள். "போதும். நீ பூசிடு."

அவள் படியேறிப் போய், ஆறிப்போன தேநீரைக் கையில் எடுத்தாள். சல்லடை கறுப்புப் பூச்சு டப்பாவின் மூடியைத் திறந்து தூரிகையைத் தோய்த்தான். தோய்த்த தூரிகை காதின் அருகே சென்று, அங்கேயே நின்றது. தூரிகை முனையிலிருந்து ஒரு துளி அவன் சட்டையில் சொட்டியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. விளக்கை இன்னும் அருகே இழுத்து, பற்றவைப்பு முடிந்த குழிக்கு அப்பால் எதையோ உற்று நோக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன?" என்றாள் மேலிருந்து.

"ஒண்ணுமில்லை." பிறகு தூரிகையைக் கீழே வைத்தான். "இல்லைண்ணி, இருங்க. ஒரு நிமிஷம்."

மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து, அவ்விடத்தில் துணியால் ஒற்றினான். சற்றுப் பொறுத்து, உலர்ந்த துணியால் சொட்டும் எஞ்சாமல் துடைத்தான். கதவுச் சட்டத்தில் அளவு குறிக்கும் சுண்ணக்கட்டியை எடுத்துப் பொடித்து, வெள்ளைத்தூளை அங்கே தடவினான். விரிசலுக்குள் எண்ணெய் புகுந்திருந்தால் சுண்ணத்தில் ஊறிக் காட்டும் என்று இருவரும் காத்திருந்தனர். அவள் மீண்டும் பள்ளத்தில் இறங்கியிருந்தாள்.

முதலில் வெண்மையாகவே இருந்தது. பின்னர், பற்றவைப்பின் குழியிலிருந்து புறப்பட்டு, ஒற்றைத் தலைமயிர் விழுந்து கிடந்தாற்போல் ஓர் ஈரக்கோடு, அந்த வெண்மையில் மெல்ல மெல்ல ஊறி எழுந்தது. விரற்கடை நீளம்.

"அது என்ன?"

"வால்," என்றான் சல்லடை. "விரிசலோட வால். வெல்டுக்கு அப்பால ஓடியிருக்கு. பழைய பூச்சுக்குள்ள இருந்துச்சு, நான் அவ்வளவு தூரம் சுரண்டிப் பாக்கலை."

"ஏன் பாக்கலை?"

"பசை காயுற வரைக்கும் பக்கத்துல நெருப்புக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் காதைத் தொடலை. ஆறு மணிக்கு நீங்க வண்டி எடுக்க வந்துடுவீங்கன்னு அவசரம். அரை மணி நேரத்துல போட்டேன். வெல்டுதானே, பிடிச்சுக்கும்னு விட்டுட்டேன். பசைன்னா பயம், அதனால முனை முனையா தேடித் துளை போட்டேன். இதுல தேடலை." கரண்டி கிடந்த பக்கம் அவன் கண் போயிற்று. "சனிக்கிழமை அந்த ரெண்டு மணி நேரத்தை இதுக்குச் செலவு பண்ணியிருந்தா பாத்திருப்பேன்."

"எத்தனை தடவை தாங்கியிருக்கும்?"

"தெரியலை அண்ணி. பத்து தடவை போகும். நாளைக்கே கூட..." அவன் முடிக்கவில்லை.

அவன் தூரிகையை வைத்திருந்த இடத்தை அவள் நோக்கினாள். ஒரே இழுப்பு. இழுத்திருந்தால் அவள் நன்றி சொல்லி, தேநீர் குடித்து, வண்டியை எடுத்துப் போயிருப்பாள். அந்த வாலை அவள் கண்ணால் காண வழியே இல்லை. அவன் கண்டான், காட்டினான். அதை எண்ணியபோது சினம் வரவில்லை. ஆறுதலும் வரவில்லை. பள்ளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"இதை வெட்டி எடுத்துடணும். வாலோட முனையைத் தேடித் துளை போட்டு, குடைஞ்சு, அடிவரைக்கும் நிரப்பி வெல்டு வைக்கணும். மேல ஒரு பட்டை வச்சுப் பிடிக்கணும். பேட்டரியைக் கழட்டி, சம்புக்கு ஈரச்சாக்கு போத்திட்டுச் செய்றேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"மத்தியானம் தாண்டும்."

"நான் இங்கயே இருக்கேன்."

"வெளிச்சம் கண்ணுக்கு..." என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய இரண்டாவது முகமூடியை எடுத்துத் துடைத்து நீட்டினான்.

பிற்பகல் மூன்று மணிவரை அவள் அந்தக் கருங்கண்ணாடியின் வழியே பார்த்தபடி இருந்தாள். வெட்டியதையும், குடைந்ததையும், துளையிட்டதையும், நீலச்சுடர் இரும்பை உருக்கி இரும்பில் சேர்த்ததையும் ஒரு வரி விடாமல் பார்த்தாள். பொறிகள் பறந்து அவன் சட்டையில் மேலும் மூன்று கண்களைத் திறந்தன. எல்லாம் ஆறியபின் அவள் கேளாமலே அவன் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணத்தூள் பூசினான். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றனர். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

அவன் பூச்சு டப்பாவை எடுத்தபோது அவள் தடுத்தாள்.

"வேண்டாம்."

"ஒரு மழைக்குத் தாங்காது அண்ணி. துரு பிடிக்கும்."

"கிரீஸைத் தடவு. துடைச்சா நான் பாக்கிற மாதிரி இருக்கணும்." பிறகு தொட்டியைக் காட்டினாள். "அதையும்."

அவன் திகைத்தான். "பசையைப் பெயர்க்கவா?"

"பசையை எதுக்குப் பெயர்க்கிற? அது பாட்டுக்கு இருக்கட்டும். அது மேல போட்டிருக்கிற வேஷத்தை மட்டும் அரத்தால எடுத்துடு."

*

வெள்ளி காலை, கதவைத் திறந்து விட்டபோது தையற்காரர் ஏறவில்லை. முழங்காலில் கை ஊன்றி, இயன்றமட்டும் குனிந்து, அண்ணி பிடித்த கைவிளக்கின் ஒளியில் அடியைப் பார்த்தார். செதில்கள் போய், சாம்பல் நிறத்தில் வெறும் ஒட்டாகத் தொட்டியில் ஒன்று தெரிந்தது. அப்பால் கிரீஸின் பளபளப்பினூடே கோணல் மாணலான இரும்புத் தையல்.

"இது கை போட்டது," என்றார். "அது என்னம்மா, சாம்பலா?"

"ஒட்டு. ஒட்டுன்னு தெரியிற ஒட்டு."

அவர் நிமிர்ந்து மூச்சு வாங்கினார். "திரும்ப வர்றப்போவும் ஒருதரம் காட்டு."

"வர்றப்போ உங்களால குனிய முடியாதே ஐயா."

"நீ குனிஞ்சு பாத்துச் சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

மலையில் அவள் இரண்டு முறை நிறுத்தினாள். ஒருமுறை ஏதோ கிறீச்சிட்டதாகத் தோன்றிற்று. இறங்கிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. மறுமுறை எந்த ஓசையும் கேளாததே ஐயத்தைத் தந்தது. பின்னிருக்கையில் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. தையற்காரர் இதழுக்குள் ஏதோ துதியை முணுமுணுத்தவாறே வந்தார். அவர் விரல்கள் கதவைப் பற்றியே இருந்தன.

மாலை வீடு திரும்பியபோது மாமியார் சமையலறைத் தொட்டியில் எதையோ வன்மையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சல்லடை கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

"பாரு இந்தக் கூத்தை. காலையிலிருந்து தேய்க்கிறேன். சாம்பல், புளிச்ச தண்ணி, கத்தி, எல்லாம் போட்டாச்சு. கொதிக்கிற தண்ணியில அரை மணி நேரம் போட்டு வச்சேன். அசையலை. என்னத்தைத்தான் ஒட்டினான் இதுல?"

"பசை, அத்தை," என்றாள் அண்ணி. "விடுங்க, அது போகாது."

ஐந்தாண்டுகளில் அச்சொல் அவ்வீட்டில் முதன்முறை ஒலித்தது. கூடத்தில் நாற்காலியிலிருந்த கணவன் திரும்பிப் பார்த்தான். மாமியாரின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. அவள் கரண்டியையும் மகனையும் பார்த்தாள்.

"அப்ப, அன்னைக்கு மட்டும் ஏன்..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

கணவன் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தான். "அன்னைக்கு அவன் துடைக்கலைம்மா," என்றான் அமைதியாக. "அழுக்கு மேலயே பூசிட்டான். சின்னப் பையன், அவசரம்."

மாமியார் கரண்டியை மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்தாள். சாம்பல் முனை தனித்துத் தெரிந்தது.

அண்ணி மாடத்திலிருந்த கைவிளக்கை எடுத்துக்கொண்டாள். "இப்பதானே வந்தே, எங்க போறே?" என்று மாமியார் கேட்டாள்.

"அடியில பாத்துட்டு வந்துடறேன். தையற்கார ஐயாகிட்ட சொல்லணும்," என்று கூறி, வாசலில் நின்ற காரின் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தாள்.